கொடிமலை ஏற ஜீப் பாதையா, மூன் கேட்டா? இறக்கத்தை வைத்து முடிவெடுங்கள்

பினாங்கில் கொடிமலை (பினாங் ஹில்) ஏறப் புதிதாகத் தொடங்கும் நம்மாட்கள் முதலில் கேட்பது, "எது ஏறச் சுலபம்?" என்பதுதான். நானும் அக்காவும் ஞாயிற்றுக்கிழமைகளில் வெகுகாலம் ஜீப் பாதையில்தான் நடந்தோம். இப்போது மூன் கேட் பக்கம் மாறிவிட்டோம். ஏற்றம் எங்களை மாற்றவில்லை. இறக்கம்தான் மாற்றியது. ஐம்பதை நெருங்குகிறவர்களும், முட்டியைப் பற்றி ஒரு முறையாவது டாக்டரிடம் பேசியவர்களும் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

இரண்டு பாதைக்கும் தொடக்கம் தண்ணீர்மலைப் பக்கம்தான். ஜீப் பாதை தாவரவியல் பூங்கா வாசலருகே ஆரம்பித்து, ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டர் தார் ரோடாக வளைந்து வளைந்து மலை ரயிலின் மேல் நிலையம் வரை போகிறது. மூன் கேட் என்பது பூங்காவுக்குச் சற்று முன்னாலேயே ரோட்டோரம் நிற்கும் வட்ட வாசல். அதற்குள் நுழைந்ததும் படிகள், பிறகு மண் பாதை, மர வேர்கள், மறுபடி படிகள். அப்படியே ஸ்டேஷன் 5 எனப்படும் இளைப்பாறும் இடத்துக்கு வந்து சேர்வீர்கள். சாதாரண நடைக்கு ஒரு மணி நேரம் போதும். அங்கிருந்து மேலே போகிறவர்கள் கிளைப் பாதை வழியாக ஜீப் பாதையின் பாதி வழியில் இருக்கும் '84' என்ற தேநீர்க் கொட்டகையைப் பிடிக்கலாம்.

ஜீப் பாதையின் நல்ல குணங்களை எல்லாரும் அறிவார்கள். அகலமானது, வழி தவறாது, பிள்ளைகளோடு கும்பலாகப் பேசிக்கொண்டே நடக்கலாம். மலைமேல் குடியிருப்பவர்களின் நான்கு சக்கர வண்டிகள் வரும்போது மட்டும் ஓரமாக ஒதுங்கி நிற்க வேண்டும். தனியாகப் போகும் பெண்களும் அந்த வழியை விரும்புவதற்குக் காரணம் உண்டு: எந்நேரமும் யாராவது முன்னாலோ பின்னாலோ நடந்துகொண்டிருப்பார்கள்.

இனி இறக்கத்துக்கு வருவோம்.

கொடிமலையின் உயரம் 833 மீட்டர் என்று சொல்வது அதன் உச்ச முனையைத்தான். ஜீப் பாதை முடியும் இடம் அதைவிடத் தாழ்வு. அப்படியிருந்தும் ஐந்து கிலோமீட்டரில் அறுநூறு மீட்டருக்கு மேல் ஏறுகிறீர்கள். அதாவது, எட்டு அடி முன்னால் வைத்தால் ஓர் அடி உயர்ந்துவிடுகிறது. இது சராசரி. சில வளைவுகளில் சரிவு இதைவிட மோசம். ஏறும்போது மூச்சு வாங்கும், உடம்பே நிற்கச் சொல்லும், நாமும் நிற்போம். இறங்கும்போது மூச்சு வாங்காது. அதனால் யாரும் நிற்பதில்லை. வேகமும் தன்னால் கூடும்.

ஏற்றத்தில் தொடைத் தசை சுருங்கி நம்மை மேலே தள்ளுகிறது. இறக்கத்தில் அதே தசை நீண்டுகொண்டே நம் எடையைத் தாங்கிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. நீளும்போது சுமை தாங்கும் தசைதான் அதிகம் நோகும். அந்த நோவும் உடனே தெரியாது. ஒரு நாளோ இரண்டு நாளோ கழித்துத்தான் உச்சத்துக்கு வரும். தசை களைத்துவிட்டால் பாரம் முட்டிச்சில்லுக்குப் போகிறது. தார் ரோட்டின் சரிவில் ஒவ்வோர் அடியும் பிரேக் பிடிக்கிற அடி. ஐந்து கிலோமீட்டருக்கும் அதே கோணம், அதே கடினமான தரை. சப்பாத்துக்குள் கால்விரல்கள் முன்பக்கம் முட்டிக்கொண்டே வரும். மழை பெய்து ஓய்ந்த காலையில் பாசியும் ஈர இலையும் சேர்ந்துவிட்டால், வழுக்காமல் இருக்க உடம்பை இன்னும் இறுக்கிக்கொண்டு நடப்போம்.

மூன் கேட்டிலும் இறக்கம் உண்டு, படியும் முட்டிக்கு நல்லதில்லை என்பீர்கள். ஒப்புக்கொள்கிறேன். தண்ணீர்மலைப் பாலதண்டாயுதபாணி கோயிலின் 513 படிகளையும் இறங்கி வந்தவர்களுக்குப் படி என்ன செய்யும் என்று தெரியும். ஆனால் படியில் கால் சமதளத்தில் பதிகிறது. விரும்பிய இடத்தில் நிற்கலாம், பக்கவாட்டில் திரும்பி இறங்கலாம், பிடி கிடைக்கிற இடத்தில் கை கொஞ்சம் எடையை வாங்கிக்கொள்ளும். நடுவில் மண் தரை வருகிறது. மண் கொஞ்சம் அமுங்கிக் கொடுக்கும். முக்கியமாக, ஒரே அசைவு தொடர்ந்து நீள்வதில்லை. வேர் தாண்டுகிறோம், கல் சுற்றுகிறோம், இரண்டு படி இறங்குகிறோம், கொஞ்சம் சமமாக நடக்கிறோம். பாரம் ஒரே தசையில் தங்காமல் மாறிக்கொண்டே இருக்கிறது. அக்காவுக்கு ஜீப் பாதையில் இறங்கிய மறுவாரமெல்லாம் வீட்டு மாடிப்படியே சிரமமாக இருக்கும். இப்போது திங்கட்கிழமை வேலைக்கு நிமிர்ந்து போகிறாள்.

இன்னொன்றும் இருக்கிறது. ஸ்டேஷன் 5 ஒரு முழுமையான முடிவு. உட்கார இடம் உண்டு. அங்கே வழக்கமாக வரும் பெரியவர்கள், பெரும்பாலும் சீனர்கள், இடத்தைச் சுத்தமாக வைத்து, சுடச்சுடத் தேநீரும் வைத்திருப்பார்கள். "காலை வணக்கம்" என்று தமிழில் சொல்லிச் சிரிக்கும் அங்கிள்களும் உண்டு. அதோடு திரும்பினால் பாதியில் விட்டுவிட்டோம் என்ற எண்ணமே வராது. ஜீப் பாதையில் அப்படி இல்லை. ஏறத் தொடங்கினால் உச்சியைத் தொட்டே ஆக வேண்டும் என்ற பிடிவாதம் வந்துவிடும். அந்தப் பிடிவாதத்துக்கு இறக்கத்தில்தான் விலை கொடுக்கிறோம்.

ரயிலில் இறங்கினால் என்ன என்று கேட்பவர்களுக்கு: நல்ல யோசனை. முட்டிக்கு அதைவிட நல்லது இல்லை. உச்சியில் முருகனைக் கும்பிட்டுவிட்டு வரலாம். 2011-இல் வந்த புதிய ரயில், பழையதைப்போல நடு நிலையத்தில் மாறி ஏற வைக்காமல், ஒரே ஓட்டமாகக் கீழே கொண்டுவந்து விடும். சிக்கல் என்னவென்றால் அது இறக்கிவிடும் இடம் ஆயர் ஈத்தாம். உங்கள் காடி (கார்) நிற்பது தாவரவியல் பூங்காவில். 204-ஆம் எண் பஸ் ரயிலடிக்கு வரும், 10-ஆம் எண் பூங்காவுக்குப் போகும். இரண்டையும் இணைத்துப் போவதற்குள் பசியாறும் நேரம் கடந்துவிடும், கிராப் வாடகைக் கார் எடுப்பதே மேல். பள்ளி விடுமுறையிலும் நீண்ட வார இறுதிகளிலும் மேலே ரயில் வரிசை நீளமாக இருக்கும். வியர்வைச் சட்டையோடு அங்கே நிற்க மனம் வருமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மைகார்டை (அடையாள அட்டை) மட்டும் மறக்காதீர்கள், உள்ளூர்க் கட்டணத்துக்கு வேண்டும்.

ரயில் தடத்தை ஒட்டி ஆயர் ஈத்தாமிலிருந்து ஏறும் படிப்பாதையும் உண்டு. அதில் நான் அதிகம் நடந்ததில்லை, ஆகவே மற்ற இரண்டோடும் சமமாக வைத்துத் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். மழைக்காலத்தில் மூன் கேட் எவ்வளவு தாங்கும் என்பதிலும் என் அனுபவம் குறைவு. செப்டம்பர் முதல் நவம்பர் வரை பெருமழை பெய்த மறுநாள் நாங்கள் மலைப் பக்கமே போவதில்லை. 2017 நவம்பர் புயல் மழையில் இந்த மலையில் எத்தனை இடங்களில் மண் சரிந்தது என்பது பினாங்குக்காரர்களுக்கு நினைவிருக்கும். அன்று தார் போட்ட ஜீப் பாதையும் தப்பவில்லை.

மூன் கேட்டின் குறைகளையும் சொல்லிவிடுகிறேன். ஸ்டேஷன் 5-க்கு அப்பால் கிளைகள் பல. தெரிந்தவர் துணையில்லாமல் போக வேண்டாம். சப்பாத்து முக்கியம். ஓட்டப் பயிற்சிச் சப்பாத்தின் அடி ஈர வேரில் நிற்காது. ரப்பர் வெட்டுக்காரர்கள் போடும் கறுப்பு ரப்பர்ச் சப்பாத்து, அதுதான் கம்போங் அடிடாஸ், மலிவு, பிடிமானமும் உண்டு. இந்தப் பாதையில் அதைப் போட்டு நடக்கும் பழையவர்களைப் பார்த்துத்தான் நாங்களும் வாங்கினோம். கையில் பிளாஸ்டிக் பை வேண்டாம், குரங்குகள் விடாது.

தைப்பூச நாட்களில் பூங்காவுக்குப் போகும் ரோட்டில் காடி நிறுத்த இடம் கிடைக்காது, அந்த வாரம் நடையைத் தள்ளிப்போடுங்கள். மற்ற நாட்களில் ஏழு மணிக்கு முன்னே போய்விட்டால் இடம் கிடைக்கும்.

முட்டி ஏற்கெனவே வீங்கும் நிலையில் இருப்பவர்களுக்கு நான் இரண்டையும் சொல்ல மாட்டேன். ரயிலில் ஏறி, மேலே குளிரில் ஒரு மணி நேரம் நடந்து, ரயிலிலேயே இறங்குங்கள்.