தெள்ளுக்குச் சொட்டு மருந்தா, மாத்திரையா?

எங்கள் நாய் மணிக்கு வால் அடியில் முடியே இல்லாமல் போயிருந்தது. ராத்திரி விளக்கணைத்தால் நறநறவென்று கடிக்கிற சத்தம்தான். ஈர வெள்ளைத்தாளை விரித்து அதன்மேல் நிறுத்திச் சீவினேன். மிளகுத்தூள் மாதிரி உதிர்ந்தது, கொஞ்ச நேரத்தில் தாளில் செம்பழுப்பாகக் கசிந்தது. தெள்ளின் எச்சம் அது. குடித்துச் செரித்த ரத்தம். தெள்ளின் எச்சில் ஒத்துக்கொள்ளாத நாய்க்கு நாலைந்து கடியே போதும், நாள் முழுக்க அரிக்கும்.

முதலில் போட்டது ஃபிப்ரோனில் சொட்டு மருந்து. விலை குறைவு, மாதம் ஒருமுறை கழுத்துக்குப் பின்னால் தோலில் விட்டால் போதும். குளிப்பாட்டுவது குறைவென்றால் இதுவே போதுமானது. அடுத்தது ஃப்ளூராலானர் மாத்திரை. சாப்பாட்டோடு கொடுத்தால் தெள்ளுக்கு 12 வாரம் தாங்கும். விலைதான் கையைக் கடிக்கும்.

என்னை மாத்திரைக்கு மாற்றியது குளியல். கடித்துக் கடித்துப் புண்ணாகி, கிருமித்தொற்றும் சேர்ந்துவிட்டது. குளோர்ஹெக்சிடின் ஷாம்பூவால் வாரம் இரண்டு முறை, நுரை பத்து நிமிடம் ஊறக் குளிப்பாட்டச் சொன்னார் டாக்டர். சொட்டு மருந்தோ தோலின் எண்ணெய்ப்பசையில் பரவி, எண்ணெய்ச் சுரப்பிகளில் தங்கி வேலை செய்வது. போடுவதற்கு முன்னும் பின்னும் இரண்டு நாள் குளியல் கூடாது. அடிக்கடி ஷாம்பூ போட்டால் அதன் ஆயுளும் குறையும். புண்ணைப் பார்ப்பதா, மருந்தைக் காப்பதா என்று ஒன்றரை மாதம் அல்லாடினேன். மாத்திரை ரத்தத்தில் இருப்பதால் எத்தனை குளியல் போட்டாலும் கவலையில்லை. மாத்திரை கொடுத்த ஐந்தாம் வாரம் வால் அடியில் பூனைமுடியாய் முளைத்தது. அந்த ஷாம்பூவுக்கும் அதில் பாதிப் பங்கு உண்டு.

ஆனால் வலிப்பு வந்த நாய்க்கு இந்த வகை மாத்திரையை டாக்டரைக் கேட்காமல் கொடுக்கவே கூடாது. 2018-ல் அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ இதைப் பற்றி எச்சரித்திருக்கிறது. மணிக்கு வலிப்பு வந்ததில்லை, அதனால் அந்தப் பக்கம் எனக்கு அனுபவம் கிடையாது. கழுத்தில் கட்டும் மருந்துப் பட்டையும் நான் போட்டுப் பார்த்ததில்லை.

எதைக் கொடுத்தாலும் வீட்டையும் பாருங்கள். நாய்மேல் தெரிவது கொஞ்சம்தான். முட்டையும் புழுவும் கூட்டுப்புழுவும் பாயிலும் தரை இடுக்கிலும் இருக்கும். கூட்டுக்குள் இருப்பது மாதக்கணக்கில் காத்திருந்து வெளிவரும். நான் மணியின் சாக்கை வாராவாரம் வெந்நீரில் அலசி உச்சி வெயிலில் போடுகிறேன். அடுத்த மாத்திரைத் தேதியைக் காலண்டரில் வட்டம் போட்டு வைத்திருக்கிறேன்.