சிவப்பு மூடியா, ஆரஞ்சு மூடியா: பூனைக்கும் நாய்க்கும் இன்சுலின் சிரிஞ்சு வாங்கிய கதை

பூனைக்கு சுகர் என்று சொன்னால் பாதிப் பேர் சிரிக்கிறார்கள், மீதிப் பேர் "ஸ்வீட் நிறைய குடுத்தீங்களா" என்று கேட்கிறார்கள். எங்கள் குண்டனுக்கு வயது 9, எடை ஆறரை கிலோ, கருத்தடை செய்த ஆண் பூனை, நாள் முழுக்க சோபாவில் படுக்கை. பூனைகளில் இந்த நோய் தேடி வருவதே இப்படிப்பட்ட ஆட்களைத்தானாம். தண்ணீர்க் கிண்ணம் ஒரே நாளில் மூன்று தடவை காலியாக ஆரம்பித்தபோதுதான் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினோம். அன்றிலிருந்து ஒன்றரை வருடமாக காலை ஏழு, இரவு ஏழு, தினம் இரண்டு ஊசி. பக்கத்து வீட்டு மாமியின் பொமரேனியன் ஜூலிக்கும் இப்போது அதே கதை என்பதால் அவர்களுக்கும் நான்தான் கம்பவுண்டர். இரண்டு வீட்டுக்கும் சேர்த்து ஐந்து விதமான சிரிஞ்சு கை மாறியிருக்கிறது, அதைப் பற்றித்தான் இது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் அப்புறம். இன்சுலின் சிரிஞ்சில் இரண்டு ஜாதி உண்டு. சிவப்பு மூடி 40க்கு, ஆரஞ்சு மூடி 100க்கு. ஒரு மில்லி இன்சுலினில் எத்தனை யூனிட் இருக்கிறது என்பதுதான் அந்த எண். பாட்டிலில் 40 என்று போட்டிருந்தால் சிவப்பு, 100 என்று போட்டிருந்தால் ஆரஞ்சு, அவ்வளவுதான் விதி. இவ்வளவு சுலபமான விஷயத்தில்தான் நான் ஒன்பது நாள் கோட்டை விட்டேன்.

குண்டனுக்கு ஆரம்பத்தில் டாக்டர் எழுதியது பால் மாதிரி கலங்கலாக இருக்கும் 40 இன்சுலின், வேளைக்கு 2 யூனிட். சிவப்பு மூடி சிரிஞ்சு, ஒரு மில்லி. மூன்றாவது மாதம் பெட்டி தீர்ந்தது. வழக்கமான கடை பூட்டியிருக்க, வேறொரு மெடிக்கலில் போய் "இன்சுலின் சிரிஞ்சு பத்து குடுங்க" என்றேன். அங்கே இருந்த பையன் ஆரஞ்சு மூடியை எடுத்து வைத்தான். கலர் வேறாக இருக்கிறதே என்று கேட்டதற்கு "எல்லாம் ஒண்ணுதான் சார், கம்பெனி வேற" என்றான். நானும் தலையாட்டிவிட்டு வாங்கி வந்து, 2 யூனிட்டுக்கான கோடு வரை இழுத்துக் குத்திக்கொண்டிருந்தேன். இடையில் பழைய கடையில் இன்னொரு பத்து வாங்கியபோதும் ஆரஞ்சையே காட்டி வாங்கினேன், அது வேறு.

நான்காவது நாளே குண்டன் மறுபடி தண்ணீர்க் கிண்ணத்தோடு குடும்பம் நடத்த ஆரம்பித்துவிட்டான். ஒன்பதாவது நாள் டாக்டர் காதில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்த்தால் 400க்கு மேல். மருந்தை 3 யூனிட்டாக ஏற்ற வேண்டியிருக்குமோ என்று யோசித்தவர், எழுதுவதற்கு முன்னால் "எந்த சிரிஞ்சுல போடறீங்க, காட்டுங்க" என்றார். பையில் இருந்ததை எடுத்துக் கொடுத்தேன். கடைசிக் கோட்டில் 100 என்று இருந்தது. பாட்டிலில் 40.

கணக்கு இதுதான். 40 இன்சுலினில் 2 யூனிட் என்றால் 0.05 மில்லி. ஆரஞ்சு சிரிஞ்சின் 2 என்ற கோடு 0.02 மில்லி. அதாவது நான் போட்டுக்கொண்டிருந்தது 2 யூனிட் இல்லை, 0.8. பாதிகூட இல்லை. அவர் சிரிஞ்சைப் பார்க்காமல் 3 என்று எழுதியிருந்தால், அடுத்த வாரம் நான் பழையபடி சிவப்பு மூடி வாங்கி வந்து நிஜமாகவே 3 போட்டிருப்பேன். நினைத்தால் இப்போதும் வயிற்றைப் பிசைகிறது. இதையே தலைகீழாகப் போட்டுப் பாருங்கள்: 100 இன்சுலினை சிவப்பு சிரிஞ்சில் 2 கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 5 யூனிட். ஒரு பூனைக்கு அது உயிருக்கே ஆபத்து.

இன்னொரு குழப்பமும் இருக்கிறது. யூட்யூபில் அமெரிக்காக்காரர்கள் போடும் வீடியோக்களில் 40 என்றால் விலங்கு இன்சுலின், 100 என்றால் மனித இன்சுலின் என்று சொல்லித் தருவார்கள். அங்கே அது சரி. கேனின்சுலின், புரோசிங்க் மாதிரி விலங்குகளுக்கென்றே வரும் இன்சுலின் 40தான். ஆனால் நம் ஊரில் மனிதர்களுக்கு பாட்டிலில் வரும் சாதாரண இன்சுலினும் பெரும்பாலும் 40, பேனாவில் போடுவதுதான் 100. அதனால் மனித மருந்தா விலங்கு மருந்தா என்று பார்த்து சிரிஞ்சு வாங்காதீர்கள். லேபிளைப் படியுங்கள். நான் கடைக்குப் போகும்போது காலி பாட்டிலையும் பழைய சிரிஞ்சின் பாக்கெட்டையும் ஒன்றாக போட்டோ எடுத்துக்கொண்டு போகிறேன்.

சரி, இனி ஒவ்வொன்றாக.

ஒரு மில்லி சிவப்பு மூடி. பி.டி., டிஸ்போவான் இரண்டு கம்பெனியிலும் இருக்கிறது, எந்தத் தெருமுனைக் கடையிலும் கிடைக்கும். ஒரு சிரிஞ்சு ஒரு டீயும் வடையும் சாப்பிடும் காசுக்குள் முடிந்துவிடும். ஒரு கோடு ஒரு யூனிட். ஜூலிக்கு வேளைக்கு 4 யூனிட் என்பதால் மாமிக்கு இது கச்சிதம். கொஞ்சம் பெரிய நாய் என்றால் யூனிட்டும் கூடும், அங்கேயும் இதுவே போதும், வேறு எதையும் தேட வேண்டாம். பூனைக்கு மட்டும் இது தலைவலி. ஒரு யூனிட்டும் அதற்குக் கீழேயும் மேலேயுமாகத்தான் பூனையின் கணக்கே ஓடுகிறது, அரை யூனிட் ஏற்றச் சொன்னால் இரண்டு கோட்டுக்கு நடுவில் கண்ணை இடுக்கிக்கொண்டு நிற்க வேண்டும். காலை ஒரு அளவு, இரவு ஒரு அளவு என்று ஆகிவிடும்.

ஒரு மில்லி ஆரஞ்சு மூடியை பூனைக்காரர்கள் வாங்கவே வேண்டாம். அதில் ஒரு கோடே 2 யூனிட். ஒன்றரை யூனிட் என்று சீட்டில் எழுதியிருந்தால் முதல் கோட்டுக்கே வர முடியாது.

குண்டனுக்கு பிறகு கிளார்ஜின் என்ற வேறொரு இன்சுலினுக்கு மாற்றினார்கள். முதலில் போட்டது பூனை உடம்பில் சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது, இது கூடுதல் நேரம் நிற்கும் என்றார் டாக்டர். கிளார்ஜின் தண்ணீர் மாதிரி தெளிவாக இருக்கும், எங்களுடையது 100. ஆக சிரிஞ்சும் மாற வேண்டும். அன்று வீட்டில் மீதியிருந்த சிவப்பு மூடிகளை ஒன்றுகூட வைக்காமல் மாமி வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன். இரண்டு கலரும் ஒரே டிராயரில் இருந்தால், தூக்கக் கலக்கத்தில் கை எதையாவது எடுக்கும்.

இந்த இடத்தில்தான் என் மனசுக்குப் பிடித்த ஆளைக் கண்டேன்: 0.3 மில்லி ஆரஞ்சு மூடி, 31ஜி (ஊசி எவ்வளவு மெல்லியது என்று சொல்லும் எண்), 8 மில்லிமீட்டர் ஊசி, அரை யூனிட் கோடு போட்டது. சின்னக் குழந்தைகளுக்காகச் செய்தது. குழாய் ஒல்லியாக இருப்பதால் அதே ஒரு யூனிட் நீளமாகப் பரந்து தெரிகிறது, ஒன்றரை என்றால் ஒன்றரைக்கு ஒரு கோடு இருக்கிறது. முதல் தடவை இழுத்துப் பார்த்தபோது, இவ்வளவு நாள் நான் செய்துகொண்டிருந்தது அளவே இல்லை, குத்துமதிப்பு என்று புரிந்தது. குறை என்னவென்றால் சாதாரணக் கடையில் கிடைக்காது, பெரிய கடையில் சொல்லி வைக்க வேண்டும் அல்லது ஆன்லைனில் பெட்டியாக வாங்க வேண்டும். வாங்கும்போது 0.3 மில்லி என்பதோடு நிறுத்தாமல் அரை யூனிட் கோடு இருக்கிறதா என்று படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள், ஒரு யூனிட் கோடு போட்ட 0.3ம் உண்டு.

இன்னொன்று ஒரு மலிவு சரக்கு, பெயர் வேண்டாம். பெட்டியாக வாங்கினால் பாதி விலை என்று ஆசைப்பட்டு வாங்கினேன். தண்டு வழுக்காமல் திக்கித் திக்கி வருகிறது, 1 யூனிட்டுக்கு இழுத்தால் 3க்குத் தாவி நிற்கும். விரலில் கொஞ்சம் ஸ்பிரிட் ஈரம் இருந்தால் கோடெல்லாம் மையோடு வந்துவிடுகிறது. பெட்டியில் முக்கால்வாசி இன்னும் அலமாரியில் கிடக்கிறது.

ஊசியைப் பற்றி. ஜி எண் கூடக் கூட ஊசி மெலியும், 29ஐவிட 31 மெல்லியது. குண்டன் 31க்கு காதைக்கூட ஆட்டுவதில்லை. ஆனால் நீளத்தில் ஒரு சூட்சுமம் உண்டு. மனிதர்களுக்கு 6 மில்லிமீட்டர் போதும், முடி குறைவான நாய்க்கும் போதும். ஜூலி மாதிரி புசுபுசு ஆட்களுக்கு 6 மில்லிமீட்டர் என்றால் பாதி நேரம் மருந்து தோலுக்குள் போகாமல் முடியில் போய்விடும். மாமிக்கு அப்படித்தான் நடந்தது, ஒரு வாரம் நாய்க்கு இல்லை, நாயின் கம்பளிக்கு இன்சுலின் போட்டிருக்கிறார். 8க்கு மாற்றிய பிறகு சரியாயிற்று.

முடியில் போயிற்றா என்று கண்டுபிடிக்க மூக்குதான் கருவி. எங்கள் இன்சுலினுக்கு ஒரு ஆஸ்பத்திரி வாசனை உண்டு, பிளாஸ்திரியைப் பிரித்தால் வருமே அது. குத்தியதும் அந்த இடத்தைத் தடவி விரலை முகர்ந்து பார்ப்பேன். ஈரமும் வாசனையும் இருந்தால் அந்த வேளை போச்சு. எவ்வளவு உள்ளே போனது என்று தெரியாததால் மறுபடி போடக் கூடாது, அடுத்த வேளைக்குத்தான். ஒரு வேளை சுகர் ஏறுவதைச் சமாளித்துவிடலாம், இரண்டு மடங்கு மருந்து போய் சுகர் இறங்கினால் தாங்காது. தள்ளாடுவது, நடுங்குவது, வெறித்தனமாகச் சாப்பாடு கேட்பது என்று ஏதாவது கண்டால் ஈறில் தேனைத் தடவிவிட்டு உடனே டாக்டரிடம் ஓட வேண்டும். அதற்காகவே ஒரு சின்ன தேன் பாட்டில் ஃபிரிட்ஜுக்கு மேலே இருக்கிறது, யாரும் அதைத் தோசைக்கு எடுக்கக் கூடாது.

போடும் விதம் பழகிவிட்டால் பத்து விநாடி. முதலில் சாப்பாடு. அது சாப்பிட்டுவிட்டது என்று தெரிந்த பிறகே ஊசி, சாப்பிடவில்லை என்றால் டாக்டருக்கு போன். கலங்கல் மருந்தை லேபிளில் சொன்னபடி கலக்கிவிட்டு எடுக்க வேண்டும், கிளார்ஜினுக்கு அது தேவையில்லை. குமிழி இருந்தால் தட்டி, மருந்தைப் பாட்டிலுக்குள் திருப்பித் தள்ளி மறுபடி இழுக்க வேண்டும். 20 யூனிட் போடும் மனிதருக்குச் சின்னக் குமிழி ஒரு பொருட்டில்லை, 1 யூனிட்டில் அதுவே பாதி. விலாப்பக்கம் தோலைக் கூடாரம் மாதிரி தூக்கி, கூடாரத்தின் வாசலில் குத்த வேண்டும். மறுபக்கம் வழியாக ஊசி வெளியே வந்து என் விரலிலேயே இரண்டு தடவை குத்தியிருக்கிறது. பிடரியிலேயே தினமும் போடுவதைவிட இடது விலா, வலது விலா என்று மாற்றிப் போடுவது நல்லது. ஸ்பிரிட் பஞ்சு வேண்டாம், அந்த நாற்றத்துக்கே பூனை ஓடிவிடும்.

கடைப் பையன் மாமியிடம் "நாய்க்கெல்லாம் இன்சுலினா" என்று சிரித்தானாம். 1921இல் டொராண்டோவில் பான்டிங்கும் பெஸ்ட்டும் இந்த மருந்தைக் கண்டுபிடித்தபோது முதலில் பிழைத்தது நாய்கள்தான் தம்பி, மனிதனுக்குப் போட்டது அடுத்த வருடம் ஜனவரியில்தான் என்று சொல்லச் சொன்னேன். மாமி சொன்னாரா தெரியாது.

ஒரே சிரிஞ்சைத் திரும்பத் திரும்பப் போடலாமா என்று கேட்பவர்களுக்கு: நான் ஆரம்பத்தில் இரண்டு தடவை போட்டேன், இரண்டாவது தடவை குண்டன் திரும்பிப் பார்த்த பார்வையே பதில். முனை மழுங்குகிறது, பாட்டிலுக்குள்ளும் அழுக்கு போகிறது. மிச்சம் பிடிக்க வேறு இடம் பாருங்கள்.

மாதம் 60 ஊசி சேர்கிறது. குப்பைக் கூடையில் வெறுமனே போட்டால் நாளைக்கு தூய்மைப் பணியாளர் கையில் ஏறும். வீட்டில் பயன்படுத்திய ஊசியை மற்ற குப்பையோடு சேர்க்காமல் தனியாகத்தான் கொடுக்க வேண்டும். நான் கெட்டியான காலி பினாயில் கேனில் போட்டு, நிறைந்ததும் டேப் சுற்றி, மேலே "ஊசி" என்று எழுதி, டாக்டரின் கிளினிக்கில் கேட்டுக் கொடுத்துவிடுகிறேன். மாமியின் கேனும் என்னுடன்தான் வருகிறது. வண்டியின் முன்னால் இரண்டு கேன், பின்னால் கூடையில் குண்டன் கத்திக்கொண்டே வருவான்.