காரைக்குடி பயணம்: தெருப் பேரு மாறுது, கூடவே பேப்பரும் மாறணும்

கோலாலம்பூர்ல இருந்து இந்த தடவை ஊருக்குப் போனது முழுக்க பேப்பர் வேலைக்குத்தான், அப்பச்சி தவறினதுக்கு அப்புறம் வீட்டு வரி, கரண்ட் கனெக்ஷன், பேங்க் கணக்கு எல்லாத்தையும் பேர் மாத்த வேண்டியிருந்துச்சு. எந்த வேலை எப்படி நடந்துச்சுன்னு எழுதினா அடுத்து போறவங்களுக்கு உதவும்னு உக்காந்தேன், ஆனா எதை எடுத்தாலும் தெருப் பேருலயே வந்து நிக்குது.

நல்லதை முதல்ல சொல்லிடறேன். வில்லங்கம் பாக்க இப்ப ரிஜிஸ்டர் ஆபீஸ்ல காத்துக் கிடக்க வேணாம், சர்வே நம்பர் தெரிஞ்சா ஆன்லைன்லயே எடுத்துடலாம். இ-சேவை மையத்துல இருந்த பொண்ணு அவ்வளவு பொறுமை, எந்த பேப்பர் ஸ்கேன் சரியில்லைன்னு ஒவ்வொண்ணா பாத்து திரும்ப போட்டுக் கொடுத்துச்சு. நல்லா இருக்கணும்.

சிக்கல் வந்தது வேற ஒரு ஆபீஸ்ல, எதுன்னு வேணாம். மூணு காகிதத்துல மூணு அட்ரஸ் இருக்கு, எது உங்க வீடுன்னு கேட்டு திருப்பி அனுப்பிட்டாங்க. செட்டிநாட்டு வீடு தெரிஞ்சவங்களுக்கு இது ஆச்சரியமே இல்லை, முகப்பு ஒரு தெருவுல இருக்கும், வளவு, ரெண்டாங்கட்டு எல்லாம் தாண்டி பின்வாசல் அடுத்த தெருவுல திறக்கும். எங்க வீட்டுக்கு வரி ரசீது முன் தெருவு பேர்ல, கரண்ட் மீட்டர் பின் தெருவு பேர்ல. முன் தெருவு பேரே ஒரு குடும்பத்து இனிஷியல்தான், எங்க பக்கம் அதை விலாசம்னு சொல்வோம், ரெண்டு எழுத்தும் ரெண்டு புள்ளியும். பழைய பத்திரத்துல மட்டும் அதே தெருவை முழுப் பேரா, சாதியோட சேத்து எழுதியிருக்கு. ஆக ஒரே வீடு, மூணு அட்ரஸ்.

மாவட்டக் கதை இன்னும் பெருசு. என் பிறப்பு சர்டிபிகேட்ல ராமநாதபுரம் மாவட்டம். அஞ்சாங்கிளாஸ் டிசில பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர் மாவட்டம். பாஸ்போர்ட்ல சிவகங்கை மாவட்டம். நாங்க வீடு மாறவே இல்லை, 1985ல ராமநாதபுரத்தைப் பிரிச்சாங்க, 1997ல பேரை எடுத்தாங்க, அவ்வளவுதான். அந்த 1997 எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு, அப்ப காரைக்குடி பஸ்ஸுல மருதுபாண்டியர் போக்குவரத்துக் கழகம்னு எழுதியிருக்கும், திடீர்னு ஒரு நாள் அந்த பேரு இல்லை. விருதுநகர் பக்கம் புதுசா ஒரு போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பேரு வெச்சதை ஒத்துக்க மாட்டோம்னு கிளம்பி, தென் மாவட்டம் பூரா சாதிக் கலவரம், உயிரெல்லாம் போச்சு. கடைசில கலைஞர் அரசாங்கம் எல்லா மாவட்டத்துலயும் எல்லா கழகத்துலயும் தலைவர் பேரையே எடுத்துடுச்சு. ஒரு தலித் வீரர் பேரு போட்ட பஸ்ஸுல ஏற மாட்டோம்னு சொன்னவங்களால மருது சகோதரர்கள் பேரும் சேந்து போச்சு. இதை நினைச்சா இன்னைக்கும் எனக்கு கோவம் வரும்.

அதனாலதான் பேருல என்ன இருக்குன்னு யாராவது சொன்னா என்னால ஒத்துக்க முடியறதில்லை. பேருக்காக வெட்டிக்கிட்ட ஊரு இது.

இப்ப நடக்கறது அடுத்த சுற்று. 2025 ஏப்ரல்ல, தலித் மக்கள் குடியிருப்பைக் குறிக்கற காலனிங்கற சொல்லை அரசு ஆவணத்துல இருந்து எடுக்கறோம்னு முதல்வர் ஸ்டாலின் சட்டசபைல சொன்னார், அக்டோபர்ல தெரு, ரோடு, குளம் எல்லாத்துலயும் சாதிப் பேரை எடுக்கச் சொல்லி அரசாணை வந்துச்சு, அந்த மாசம் 11ந் தேதி கிராம சபைலயும் இதை வெச்சாங்க. ஒண்ணும் புதுசில்லை, எம்.ஜி.ஆர் காலத்துலயே மெட்ராஸ்ல தெருப் பலகைல சாதியை அழிச்சிருக்காங்க. எங்க பக்கத்துல சில பெரியவங்களுக்கு இது பிடிக்கலை. "பள்ளிக்கூடமும் ஊருணியும் வெட்டி வெச்சவுக பேரை ஏம்ப்பா அழிக்கணும்"னு ஒரு ஆச்சி கேட்டாக. அவுக வருத்தம் எனக்குப் புரியுது. அழகப்பர் பேரைச் சொன்னா போதும், காரைக்குடில யாருக்கும் யாருன்னு விளக்க வேண்டியதில்லை, பின்னாடி செட்டியார் இல்லாததால அவர் கொடுத்த காலேஜ் ஒண்ணும் சின்னதாயிடலைன்னு சொன்னேன். ஆச்சி பதில் சொல்லலை, காப்பி கொடுத்தாக.

என்கூட படிச்ச ஒருத்தன் வீடு அந்த மாதிரி ஒரு காலனில இருக்கு. போயிருந்தேன். முக்குல உள்ள பலகைல ஒரு சொல்லு மேல மட்டும் வெள்ளை பெயிண்ட் அடிச்சிருக்காங்க, ஒரே கோட்டிங்தான் போல, வெயில் பட்டா அடியில உள்ள எழுத்து அப்படியே தெரியுது. அவன் சொன்னான்: "வேலைக்கு எழுதிப் போட்டா அட்ரஸ் படிச்சதும் மூஞ்சி மாறும்டா, எம் பொண்ணு காலேஜ் ஃபார்ம்ல தெருப் பேரை விட்டுட்டு பக்கத்துல இருக்கற மெயின் ரோடை எழுதுது." தங்கச்சி கல்யாணப் பத்திரிகைலயும் அப்படித்தான் போட்டானாம். வீட்டு அட்ரஸை மறைச்சு எழுத வேண்டிய நிலைமைல ஒரு புள்ளை வளருதுன்னா, பேர் மாத்தறது அரசியல், ஓட்டுக்கு பண்றாங்கன்னு சொல்லி ஒதுக்க எனக்கு மனசு வரலை. அரசியலாவே இருக்கட்டும், தேவையான அரசியல்.

என் கேள்வி அதுக்கு அடுத்தது. ஆதார், ரேஷன் கார்டு, வோட்டர் ஐடி, கேஸ் புக், பேங்க் எல்லாத்துலயும் பழைய பேரு அப்படியே இருக்கு. எல்லாத்தையும் மாத்தறதுக்கு லீவு போட்டு அலையப் போறது யாரு, இத்தனை வருசமா அந்த பேரைச் சுமந்தவங்கதான். லீவும் காசும் இருக்கற எனக்கே மூணு அட்ரஸுக்கு நாக்கு தள்ளிடுச்சு, தினக்கூலி போறவன் என்ன பண்ணுவான்? அரசாங்கம் மாத்துற பேரை அரசாங்கமே எல்லா ரெக்கார்டுலயும் மாத்திக் கொடுக்கணும். அது ஆகறவரைக்கும் பழைய பேரும் புதுப் பேரும் ஒரே தெருதான்னு ஒரு தாள், சீல் போட்டு, வீட்டுக்கு வீடு இலவசமா கொடுக்கலாம். கோலாலம்பூர்ல 2014ல ஜாலான் டூத்தாவை ஜாலான் துவாங்கு அப்துல் ஹலிம்னு மாத்தினாங்க, இன்னும் ஜனங்க வாயில டூத்தாதான், மவுண்ட் ரோடு அண்ணா சாலையான கதையும் அதேதான். பேச்சு மெதுவா மாறட்டும், பேப்பர் அப்படி இருக்கக்கூடாது. அதுவும் காரைக்குடி 2024ல மாநகராட்சி ஆயி கோட்டையூர், கண்டனூரெல்லாம் உள்ள வந்தாச்சு, ஒரே பேர்ல ரெண்டு மூணு தெரு வரத்தான் செய்யும், 108 ஆம்புலன்ஸ் எந்த தெருவுக்குப் போகும்?

புதுப் பேரை யாரு முடிவு பண்றதுங்கறதும் இருக்கு. நண்பன் தெருவுல கூடிப் பேசியிருக்காங்க, பூப் பேரு வைக்கலாம்னு வெளியில இருந்து ஒரு யோசனை வந்துச்சாம், ஒருத்தருக்கும் பிடிக்கலை. பசங்க அம்பேத்கர் பேரு கேக்கறாங்க, பெரியவங்க அவங்க சாமி பேரு கேக்கறாங்க. அந்த சண்டையை அவங்களே போட்டு அவங்களே முடிக்கட்டும், மேல இருந்து ஒரு லிஸ்ட் வந்து விழக்கூடாது. மனு எழுதி கவுன்சிலர்கிட்ட கொடுத்திருக்காங்க.

போறவங்க பழைய வரி ரசீது ஒண்ணு, மூலப் பத்திரம் காப்பி, சர்வே நம்பர், கரண்ட் பில் எல்லாம் எடுத்துட்டுப் போங்க. தெருப் பேரு எத்தனை தடவை மாறினாலும் சர்வே நம்பரை வெச்சு வீட்டைக் கண்டுபிடிச்சுடலாம், என் வேலை முடிஞ்சதும் அதாலதான். கரண்ட் பேர் மாத்தம் மட்டும் இன்னும் பாக்கி.