நீலகிரி ஏற்றங்களில் ஸ்மார்ட்வாட்சும் ஓட்ட வாட்சும்: நீண்ட நாள் பயன்பாட்டு அனுபவம்

நீலகிரியில் ஓடுவதற்கும் ஏறுவதற்கும் வாட்ச் தேடுகிறவர்கள் விவரப் பட்டியலில் முதலில் பார்க்க வேண்டியது பாரோமெட்ரிக் ஆல்டிமீட்டர், அதாவது காற்றழுத்தத்தை வைத்து உயரம் சொல்லும் சென்சார். சமவெளியில் இது இல்லாமலே காலம் தள்ளலாம். மேட்டுப்பாளையத்தில் சுமார் 325 மீட்டரில் கிளம்பி ஊட்டியில் 2,200 மீட்டரைத் தாண்டும் மலையில், கிலோமீட்டர் கணக்கைவிட ஏற்றக் கணக்குதான் உடம்பைப் பிழிகிறது. இங்கே ஒப்பிடுவது ஸ்மார்ட்வாட்சான ஆப்பிள் வாட்ச் எஸ்இ இரண்டாம் தலைமுறையையும் ஓட்ட வாட்சான கார்மின் ஃபோர்ரன்னர் 255-ஐயும். இரண்டிலும் இந்த சென்சார் உண்டு. கார்மினிலேயே விலை குறைந்த ஃபோர்ரன்னர் 55-இல் கிடையாது. சென்னையில் இருப்பவருக்கு 55 நல்ல வாட்ச். குன்னூரில் இருப்பவருக்கு அரைகுறை.

காரணம் இதுதான். பதிவு செய்த வாட்சில் காற்றழுத்த சென்சார் இருந்தால் ஓட்டங்களைச் சேர்த்துவைக்கும் செயலியான ஸ்ட்ராவா அந்த உயரத்தை எடுத்துக்கொள்ளும். இல்லையென்றால் ஜிபிஎஸ் கோட்டை நில உயர வரைபடத்தின் மேல் போட்டுத் தானாகக் கணக்கிடும். பர்லியார் வழியாக ஏறும் மலைப்பாதையில் கொண்டை ஊசி வளைவுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கின்றன. அங்கே கோடு 10 மீட்டர் பக்கவாட்டில் நகர்ந்தாலே மேல் சாலைக்கும் கீழ்ச் சாலைக்கும் நடுவிலுள்ள சரிவில் போய் விழும். ஏறாத ஏற்றமெல்லாம் கணக்கில் சேர்ந்துவிடும்.

சென்சார் இருந்தாலும் அதைக் கண்மூடி நம்பக் கூடாது. ஊட்டி உயரத்தில் காற்றழுத்தம் சுமார் 775 ஹெக்டோபாஸ்கல். அங்கே 1 ஹெக்டோபாஸ்கல் மாறினால் வாட்ச் அதை 10 மீட்டருக்குச் சற்று மேலான உயர மாற்றமாக எடுத்துக்கொள்ளும். நம் அட்சரேகையில் அழுத்தம் தினமும் காலை 10 மணி வாக்கில் உச்சத்துக்குப் போய் மாலை 4 மணி வாக்கில் இறங்கும். இரவிலும் இதே போல இன்னொரு சுற்று. இந்த ஏற்ற இறக்கம் 2, 3 ஹெக்டோபாஸ்கல் வரை இருக்கும். அதனால் காலையில் சரியாகக் காட்டிய வாட்ச், மேசை மேலேயே கிடந்தாலும் மாலையில் 20, 30 மீட்டர் ஏறிவிட்டதாகச் சொல்லும். வாட்ச் கெட்டுவிட்டது என்று சர்வீஸ் சென்டருக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம்.

கார்மினில் கிளம்பும் முன் உயரத்தை நாமே கொடுக்கலாம். இடப்பக்க நடு பட்டனை அழுத்திப் பிடித்தால் பட்டியல் வரும். அதில் வாட்ச் சென்சார்கள், ஆல்டிமீட்டர், காலிபிரேட் என்று போக வேண்டும். எந்த எண்ணைக் கொடுப்பது என்றால், மலை ரயில் நிலையத்தைவிட வசதியான ஆதாரம் இங்கே இல்லை. உதகமண்டலம் நிலையம் 2,203 மீட்டர். மற்ற நிலையங்களிலும் மஞ்சள் பெயர்ப் பலகையின் அடியில் உயரம் எழுதியிருக்கும். தொட்டபெட்டா உச்சிக்குப் போனால் 2,637. ஆப்பிளில் இப்படிக் கையால் திருத்த வழியில்லை. இருப்பிடத் தகவலை வைத்து அதுவே சரிசெய்துகொள்ளும்.

மொத்த ஏற்றம் மட்டும் போதுமென்றால் தொடக்க எண் தவறாக இருந்தாலும் பெரிய நஷ்டமில்லை, வித்தியாசம்தானே கூட்டப்படுகிறது. நாள் முழுக்க நடக்கும் ட்ரெக்கில்தான் சிக்கல். கிளம்பிய இடத்துக்கே திரும்பி வந்ததும் தொடக்க உயரத்தையும் முடிவு உயரத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். 25 மீட்டர் வித்தியாசம் இருந்தால் அது அன்றைய வானிலையின் நகர்வு. ஏற்றக் கணக்கில் அந்த அளவுக்குச் சந்தேகம் வைத்துக்கொள்ளலாம்.

உயரம் திடீரென 100, 200 மீட்டர் தாவினால் கதை வேறு. காற்று போகும் சிறு துளையில் தண்ணீரோ, வியர்வை உப்போ, சன்ஸ்கிரீனோ அடைத்திருக்கும். கூடலூர், ஊட்டிப் பக்கம் ஜூன் மழையிலும், குன்னூர், கோத்தகிரிப் பக்கம் அக்டோபர், நவம்பர் மழையிலும் இதை எதிர்பார்த்தே இருக்க வேண்டும். குழாய்த் தண்ணீரில் கழுவி, துணியில் மெல்லத் தட்டி, தானாக உலர விட்டால் போதும். ஊசி, பல்குச்சி எதையும் துளைக்குள் விடக் கூடாது. உள்ளிருக்கும் சவ்வு கிழிந்தால் உயரக் கணக்கோடு தண்ணீர்ப் பாதுகாப்பும் போய்விடும்.

அடுத்தது நாடித்துடிப்பு. வாட்சின் அடியிலிருந்து தோலுக்குள் ஒளி பாய்ச்சி நாடியைப் படிக்கும் பச்சை விளக்கு விஷயத்தில் எந்த வாட்சும் மலைக்குளிரில் யோக்கியம் கிடையாது. டிசம்பர், ஜனவரியில் ஊட்டியில் உறைபனி விழும் காலையில் தோலுக்கு வரும் ரத்த ஓட்டம் சுருங்கிவிடும். விளக்குக்குப் படிக்க ஒன்றும் இருக்காது. முதல் பத்து நிமிடம் வரும் எண்களை ஒதுக்கிவிடுங்கள். வாட்சை மணிக்கட்டு எலும்பிலிருந்து இரண்டு விரல் மேலே ஏற்றி, கிளம்புவதற்கு முன்பே ஸ்வெட்டர் கைக்குள் வைத்துச் சூடேற்றினால் ஓரளவு சரியாகும்.

இறக்கத்தில் வரும் பிழை இதைவிட மோசம், ஏனென்றால் எண் பார்க்க நம்பும்படி இருக்கும். தொட்டபெட்டாவிலிருந்து இறங்கி ஓடும்போது மூச்சு வாங்குவதே இல்லை, ஆனால் திரையில் 170 என்று நிற்கும். வாட்ச் படிப்பது நாடியை அன்று. நிமிடத்துக்கு 160 முதல் 180 வரை விழும் காலடி அதிர்வைத்தான் அது பிடித்துக்கொண்டிருக்கிறது. ட்ரெக்கிங் கோலை இறுகப் பிடித்தாலோ சைக்கிள் ஹேண்டில்பாரில் மணிக்கட்டை மடக்கினாலோ இதற்கு நேர்மாறாக எண் விழும். இரண்டுக்கும் ஒரே மருந்து மார்புப் பட்டை. போலார் எச்10, கார்மின் எச்ஆர்எம் டூயல் இரண்டும் புளூடூத், ஆண்ட் பிளஸ் (விளையாட்டுக் கருவிகள் பயன்படுத்தும் இன்னொரு கம்பியில்லா இணைப்பு) இரண்டிலும் பேசும். ஆப்பிள் வாட்சுக்கு ஆண்ட் பிளஸ் தெரியாது. புளூடூத் இருக்கும் பட்டையாகப் பார்த்து வாங்க வேண்டும். கட்டும் முன் மின்முனைகளைத் தண்ணீரால் நனையுங்கள். பனிக்காலக் காற்று வறண்டிருப்பதால், நனைக்காமல் கட்டினால் வியர்க்கும் வரை 200-க்கு மேல் முட்கள் போலக் குதிக்கும்.

ஜெர்கின் கைக்கு மேலே வாட்ச் கட்டும் பழக்கம் இங்கே நிறையப் பேரிடம் உண்டு. ஆப்பிளில் அது செல்லாது. தோல் தொடர்பு விட்டதும் வாட்ச் தன்னைக் கழற்றிவிட்டதாக நினைத்துப் பூட்டிக்கொள்ளும், கடவு எண் கேட்கும். கார்மினில் மார்புப் பட்டை இருந்தால் துணிக்கு மேலே கட்டியும் ஓடலாம்.

பட்டனா தொடுதிரையா என்ற கேள்விக்கு மலை ஒரே பதில்தான் தரும்: பட்டன். ஃபோர்ரன்னர் 255-இல் தொடுதிரையே இல்லை. வலது மேல் பட்டன் தொடங்கவும் நிறுத்தவும், வலது கீழ் பட்டன் லேப் போடவும் பின்செல்லவும்; கையுறையோடு, கண்ணால் பார்க்காமலே அழுத்தலாம். தொடுதிரையில் மழைத்துளி விழுந்தால் விரல் என்று எண்ணிக்கொள்ளும். நனைந்த ஜெர்கின் கை உரசினால் பக்கம் மாறும். எஸ்இ-யில் மழை ஓட்டம் தொடங்கியதும் தொடுதிரையைப் பூட்டும் வாட்டர் லாக் போட்டுவிடுவது நல்லது. கிரீடமும் (பக்கத்தில் சுழலும் குமிழ்) பக்கப் பட்டனும் ஒன்றாக அமுங்கினால் ஓட்டம் இடைநிறுத்தமாகும் என்பதையும் நினைவில் வையுங்கள். மணிக்கட்டைப் பின்னால் மடக்கி ஏறும் இடங்களில் தெரியாமலே இது நடக்கும். வாட்சைத் தலைகீழாகத் திருப்பி, கிரீடம் முழங்கைப் பக்கம் வரும்படி அமைப்பை மாற்றினால் தீரும்.

திரை விஷயத்தில் எஸ்இ அழகு, சந்தேகமே இல்லை. ஆனால் எப்போதும் எரியும் திரை அதில் இல்லை, கையைத் தூக்கினால்தான் விழிக்கும். இரண்டு கையிலும் கோல் பிடித்தவருக்கு அது தொல்லை. கார்மினின் திரை வீட்டுக்குள் மங்கலாக, பழைய கால்குலேட்டர் போலத் தெரியும். தேயிலைத் தோட்டத்து மத்தியான வெயிலில் மிகத் தெளிவு.

ஜிபிஎஸ் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 255-இல் செயற்கைக்கோள் சிக்னலை இரண்டு அலைவரிசைகளில் வாங்கும் இரட்டை அலைவரிசையைப் போட்டால் கல்லாறு பள்ளத்திலும் சோலைக்குள்ளும் கோடு சாலையை ஒட்டி ஓடும். மற்ற இடங்களில் சாதாரண ஜிபிஎஸ் போதும். பதிவு இடைவெளியை ஒவ்வொரு நொடிக்கும் என்று வையுங்கள். ஸ்மார்ட் என்று விட்டால் வளைவுகளின் மூலையை வெட்டிவிடும். ஆட்டோ பாஸை நிறுத்தியே வையுங்கள். தோட்டப் படிக்கட்டில் மூச்சிரைக்க ஏறும்போது நம் வேகத்தைப் பார்த்து வாட்ச் நாம் நின்றுவிட்டதாக முடிவு கட்டும்.

பேட்டரி. எஸ்இ-க்கு நிறுவனம் சொல்வது 18 மணி நேரம். 255-க்கு ஸ்மார்ட்வாட்ச் பயன்பாட்டில் 14 நாள், ஜிபிஎஸ் மட்டும் ஓடினால் 30 மணி, இரட்டை அலைவரிசையில் 16 மணி. இரவில் ரத்த ஆக்சிஜன் அளவீட்டைப் போட்டுவைத்தால் இந்த 14 நாள் வெகுவாகச் சுருங்கும். மழைக்காலத்தில் மரம் சாய்ந்து கரண்ட் போகும் ஊரில் தினமும் சார்ஜ் கேட்கும் வாட்ச் ஒரு சுமைதான். பவர் பேங்க் இருக்கிறதே என்றால் அதிலும் ஒரு சங்கடம் உண்டு: வாட்ச் இழுக்கும் மின்னோட்டம் குறைவு என்பதால் பல பவர் பேங்குகள் யாருமில்லை என்று நினைத்து அணைந்துவிடும். குறைந்த மின்னோட்ட முறை உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். சிம் வசதியுள்ள ஸ்மார்ட்வாட்ச் என்றால் அவலாஞ்சி மாதிரி சிக்னல் இல்லாத இடத்தில் டவரைத் தேடித் தேடியே தீர்ந்துபோகும். ஏர்பிளேன் மோடுக்கு மாற்றிவிடுங்கள். கார்மினின் சார்ஜ் முனைகள் வாட்சின் முதுகில் திறந்தே இருக்கின்றன. வியர்வையோடு கேபிள் செருகினால் பச்சை பிடிக்கும். துடைத்து உலர்த்திவிட்டுச் செருக வேண்டும்.

உடல்தகுதி மதிப்பெண்தான் மலைக்காரர்களை அதிகம் குழப்புவது. ஆப்பிளின் கார்டியோ ஃபிட்னஸ் மதிப்பு, சரிவு 5 சதவீதத்துக்குக் குறைவான வெளிப்புற நடை, ஓட்டங்களில்தான் புதுப்பிக்கப்படும். குன்னூரில் வீட்டு வாசலே அதைவிடச் சாய்ந்திருக்கும்! எண் மாதக்கணக்கில் அசையவில்லை என்றால் இதுவே காரணம். ஊட்டி ஏரிக்கரைச் சாலை மாதிரி ஓரளவு சமமான இடத்தில் அவ்வப்போது வேகமாக நடந்தால் நகரும். கார்மின் எந்தச் சரிவிலும் கணக்குப் போடும், ஆனால் தரையின் கரடுமுரடு அதற்குத் தெரியாது. காட்டுப் பாதை என்றால் டிரெயில் ரன் என்ற வகையில் பதிவு செய்து, அந்த வகைக்கு விஓ2 மேக்ஸ், அதாவது இந்த உடல்தகுதி மதிப்பு, கணக்கிடுவதை நிறுத்திவிடலாம். கோவையில் ஓடிப் பழகியவர் ஊட்டிக்கு வந்த முதல் வாரங்களில் மதிப்பு சரிவதும் இயல்பே. காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குதான், ஆக்சிஜனும் அதே விகிதத்தில் குறைவு. அதே வேகத்துக்கு இதயம் கூடுதலாகத் துடிக்கத்தான் செய்யும். கோவை எண்ணைக் கோவை எண்ணோடும் ஊட்டி எண்ணை ஊட்டி எண்ணோடும் வைத்துப் பாருங்கள்.

இனி மாறி மாறிக் கட்டுவதைப் பற்றி. பகலில் ஆபீசுக்கு ஆப்பிள், காலை ஓட்டத்துக்குக் கார்மின் என்று பிரித்துக்கொள்வதுதான் எல்லாருக்கும் முதலில் தோன்றும் யோசனை. ஓட்டப் பதிவுக்கு இது சரிப்படும். கெடுவது தூக்கமும் ஓய்வும். கார்மினின் எச்ஆர்வி நிலை (இதயத்துடிப்புகளுக்கு இடையிலான நேர மாறுபாட்டை வைத்து உடல் தேறியதைச் சொல்வது), மூன்று வாரம் தொடர்ந்து இரவில் கட்டித் தூங்கிய பிறகுதான் நமக்கென்று ஓர் அடிப்படை அளவை வகுக்கும். இடையிடையே இரவைத் தவறவிட்டால் அந்த அளவு உருவாகாது. உடம்பில் மிச்சமிருக்கும் தெம்பைச் சொல்லும் பாடி பேட்டரி, பயிற்சி நிலை எல்லாம் அரைகுறைத் தகவலில் ஓடும். அதனால் எதை மாற்றினாலும் இரவு வாட்சை மாற்றாதீர்கள். பேட்டரியைப் பார்த்தால் அந்த இடம் கார்மினுக்குத்தான். எஸ்இ-யை இரவில் சார்ஜில் போட்டுவிட்டுக் காலையில் எடுத்துக் கட்டுவது இரண்டுக்கும் வசதி.

தரவு ஒரு பக்கமாகத்தான் ஓடும் என்பதும் பலருக்குத் தாமதமாகவே தெரிகிறது. கார்மின் கனெக்ட் தன் பதிவுகளை ஆப்பிள் ஹெல்த்துக்குக் கொடுக்கும். ஆப்பிள் ஹெல்த்தில் இருப்பதைத் தான் வாங்காது. எஸ்இ-யில் ஓடிய ஓட்டம் கார்மினின் பயிற்சிச் சுமையில் வராது. கார்மின் கனெக்டின் பதிவுப் பட்டியலிலாவது வர வேண்டுமென்றால் ஹெல்த்ஃபிட், ரன்கேப் போன்ற செயலியில் ஃபிட் கோப்பாக (ஓட்டப் பதிவுக்கான கோப்பு வகை) எடுத்து, கார்மின் கனெக்ட் இணையதளத்தில் ஏற்ற வேண்டும். இரண்டு வாட்சையும் ஒரே ஓட்டத்துக்குக் கட்டினால் ஸ்ட்ராவாவுக்கு ஒன்றை மட்டும் இணைத்து வையுங்கள். காலடிக் கணக்குக்கு ஹெல்த் செயலியில் காலடிகள் பக்கத்தின் அடியில் தரவு மூலங்கள் பகுதியைத் திறந்து, எது முதலில் என்று இழுத்து வரிசைப்படுத்தலாம். அறிவிப்புகள் இரண்டு கையிலும் அதிரும், கார்மினில் நிறுத்திவிடுங்கள். ஐபோனோடு இணைத்த கார்மினில் செய்திகளுக்குப் பதில் அனுப்ப முடியாது, வாசிக்க மட்டுமே முடியும்.

ஸ்மார்ட்வாட்சை வீட்டில் விட்டால் உண்மையில் இழப்பது அழைப்பை மணிக்கட்டிலேயே எடுக்கும் வசதி. காட்டுமாடு நிற்கும் சாலையில் காதில் இயர்போன் மாட்டி ஓடுவது புத்திசாலித்தனம் இல்லை என்பதால் பாட்டை இழப்பாகக் கணக்கில் சேர்க்கவில்லை. விழுந்தால் தகவல் அனுப்பும் வசதி இரண்டிலும் உண்டு, ஆனால் இந்த இரண்டு மாடலுக்கும் மொபைல் சிக்னல் தேவை. காட்டுக்குள் போகிறவர் போகும் வழியை வீட்டில் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும்.

கடைசியில் ஆப்பிளை விற்றுவிடுவது என்று முடிவெடுத்தால், ஐபோனிலுள்ள வாட்ச் செயலியில் இணைப்பை நீக்கிய பிறகே கொடுங்கள். வாட்சில் மட்டும் அழித்துவிட்டுக் கொடுத்தால் ஆக்டிவேஷன் லாக் அப்படியே இருக்கும், வாங்கியவரால் அதைத் தன் போனில் இணைக்க முடியாது. பழைய வாட்ச் வாங்குகிறவரும் பணம் கொடுக்கும் முன் தன் போனில் இணைத்துப் பார்த்துவிட வேண்டும்.