கிளச்சை மிதித்தால் நிற்கிற சத்தம், மிதித்தால் வருகிற சத்தம்: யாழ்ப்பாணத்தில் பழைய கார் திருத்தப் போகிறவர்களுக்கு

மூன்று கிழமை லீவில் ஊருக்குப் போய், போர்ட்டிக்கோவில் நிற்கிற பழைய காரை ஓடக்கூடியதாக்கிவிட்டுத் திரும்ப நினைப்பவர்கள் பலர். மொரிஸ் மைனர், ஒஸ்ரின் ஏ40 தொடங்கித் தொண்ணூறுகளின் நிசான் சனி வரை இன்னும் ஒழுங்கைகளில் ஓடுகின்றன. 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதி தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தது. அதனால் பழையதைக் கைவிடாமல் திருத்தி ஓடுகிற பழக்கம் இன்னும் இறுகியிருக்கிறது.

ஊர் மெக்கானிக்மாரின் கைத்திறனில் குறை சொல்ல இடமில்லை. போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது மண்ணெண்ணெயில் கார் ஓட்டிய ஊர் இது. ஆனால் கராஜில் வாகனங்கள் வரிசையில் நிற்கும்போது ஆறுதலாகச் சத்தம் கேட்க நேரம் கிடைப்பதில்லை. "கியர்பொக்ஸ் இரையுது, இறக்கத்தான் வேணும்" என்ற பேச்சு ஐந்து நிமிடத்தில் வந்துவிடும். இறக்கியபின் எது பழுது என்று சத்தத்தால் அறிய வழியில்லை. ஆகவே, "அண்ணை, இறக்க முன்னம் ஒருக்கா கேட்டுப் பாப்பமே?" என்று கேளுங்கள். அனுபவமுள்ள எந்த மெக்கானிக்கும் அதற்கு மறுப்புச் சொல்லமாட்டார்.

சோதனைக்குப் பத்து நிமிடம் போதும். காரைச் சம தரையில் நிறுத்தி, ஹான்ட் பிரேக் இழுத்து, நியூட்ரலில் எஞ்சினை மெல்ல ஓடவிடுங்கள். கிளச்சில் கால் வேண்டாம். இந்த நிலையில் கிளச்சிலிருந்து சுழற்சியை வாங்குகிற கியர்பொக்ஸின் முன் ஷாஃப்ற்றும், அதோடு பல்லால் சேர்ந்து சுற்றுகிற லே ஷாஃப்ற்றும் சுற்றிக்கொண்டிருக்கும். கரகரவென்று ஓர் இரைச்சல் கேட்டு, கிளச்சை முழுதாக மிதித்ததும் அது அடங்கினால், தேய்ந்தது கியர்பொக்ஸுக்குள் இருக்கிற பெயாரிங். மிதித்ததும் அந்த ஷாஃப்ற்றுகள் நின்றுவிடுகின்றன, அதோடு சத்தமும் நிற்கிறது.

மறுபக்கம், காலை எடுத்திருக்கும்போது அமைதியாக இருந்து, மிதிக்கும்போது சத்தம் வந்தால் கியர்பொக்ஸைக் குற்றம் சொல்லாதீர்கள். இங்கேதான் பிழை அதிகம் நடக்கிறது, ஏனென்றால் மிதிக்கும்போது கத்தக்கூடிய பெயாரிங் இரண்டு. அவற்றைப் பிரித்தறியப் பெடலை ஒரு விரலால் அழுத்துவதுபோல மெதுவாக அழுத்துங்கள். சும்மா ஆடுகிற தூரம் முடிந்து பாரம் தட்டுப்படுகிற இடத்தில் காலை அப்படியே வைத்திருங்கள். கிளச் இன்னும் பிரியவில்லை, ஆனால் கிளச்சைத் தள்ளிப் பிரிக்கிற றிலீஸ் பெயாரிங், கிளச் பிளேற்றை அழுத்திப் பிடிக்கிற பிரஷர் பிளேற்றில் முட்டிச் சுற்றத் தொடங்கிவிட்டது. சத்தம் அந்த இடத்திலேயே வந்தால் றிலீஸ் பெயாரிங். அங்கே அமைதியாக இருந்து, கியரில் போட்டு முழுதாக மிதித்து நிற்கும்போது மட்டும் கீச்சிட்டால், கிராங்க் முனையில் இருக்கிற பைலற் புஷ். எஞ்சின் சுற்ற, கியர்பொக்ஸ் ஷாஃப்ற் நிற்க, இரண்டுக்கும் நடுவில் உராய்வது அதுதான். ஹைட்ரோலிக் கிளச் கார்கள் பலவற்றில் றிலீஸ் பெயாரிங் எப்போதும் இலேசாக முட்டிக்கொண்டிருக்கும். அங்கே கால் படாதபோதே ஒரு சலசலப்பு இருந்து, இலேசாக அழுத்தியதும் அது நின்றால், சந்தேகம் அதே றிலீஸ் பெயாரிங்கின் மேல்தான்.

மொரிஸ் மைனரில் இந்த றிலீஸ் பெயாரிங் குண்டுப் பெயாரிங் இல்லை, வட்டமான கரி வளையம். அதற்குக் கிறீஸ் பூசக் கூடாது. கரி தேய்ந்து, அதைப் பிடித்திருக்கிற உலோகக் கிண்ணத்தின் விளிம்பு வெளியே வந்தால் இரும்போடு இரும்பு உராயும். மருதனார்மடச் சந்தியில் கிளச்சை மிதித்தபடி காத்து நிற்கிற பழக்கம்தான் இந்தக் கரியைத் தின்கிறது. நியூட்ரலில் போட்டுவிட்டுக் காலை எடுங்கள்.

ஓடிப் பார்ப்பதற்குப் பண்ணைப் பாலப் பக்கம் போகாதீர்கள், கடற்காற்றில் எதுவும் கேட்காது. இரண்டு பக்கமும் மதில் உள்ள ஒழுங்கை நல்லது. கண்ணாடியை இறக்கிவிட்டால், அடியில் எழுகிற சத்தம் மதிலில் பட்டுத் திரும்பிக் காதுக்கு வரும். பின் சில்லு இழுக்கிற பழைய கார்களில் நாலாம் கியர் நேரடிக் கியர், லே ஷாஃப்ற்றில் பாரம் விழாது. ஒன்று, இரண்டு, மூன்றில் ஊளையிட்டு நாலில் அடங்கினால் லே ஷாஃப்ற் பக்கம் பாருங்கள். எல்லாக் கியரிலும் ஒரேமாதிரி இரைந்து, நியூட்ரலில் உருளும்போதும் அதே இரைச்சல் வேகத்தோடு கூடிக் குறைந்தால், அது டிஃபறென்ஷல் (பின் அக்சிலின் நடுவில் இருக்கிற பல்லுப் பெட்டி) அல்லது சில்லுப் பெயாரிங். அதற்குக் கியர்பொக்ஸை இறக்கினால் கூலி வீண். முன் சில்லு இழுக்கிற சனி போன்ற கார்களுக்கு இந்த நாலாம் கியர்க் கணக்குப் பொருந்தாது. அவற்றில் ஸ்ரியறிங்கை முழுதாக வெட்டி மெல்ல உருட்டும்போது டக் டக் என்றால் சி.வி. ஜொயின்ற், அதாவது முன் சில்லுக்கு இழுவையைக் கொடுக்கிற மூட்டு.

இன்னொரு விசயம், யாழ்ப்பாணம் தட்டை நிலம். ஏற்றம் இல்லாத ஊரில் வழுக்குகிற கிளச் மாதக்கணக்கில் தெரியாமல் ஓடும். ஹான்ட் பிரேக்கை இறுக்கி, முன்னால் ஆள் இல்லாத இடத்தில் நாலாம் கியரில் போட்டு, எஞ்சினைக் கொஞ்சம் ஏற்றிக் கிளச்சை விடுங்கள். எஞ்சின் உடனே அணைய வேண்டும். அணையாமல் இரைந்துகொண்டு நின்றால் பிளேற் தேய்ந்துவிட்டது, அல்லது எண்ணெய் பட்டிருக்கிறது. ஒரு தடவைக்கு மேல் செய்ய வேண்டாம், பிளேற் கருகும்.

றிவேர்ஸ் போடும்போது கரகரத்தால், கிளச்சை மிதித்து ஐந்து வினாடி பொறுத்துப் போடுங்கள். அப்போதும் கரகரத்தால் கிளச் முழுதாகப் பிரியவில்லை. கேபிள், ஹைட்ரோலிக் எண்ணெய், கிளச்சைத் தள்ளுகிற கீழ்ச் சிலிண்டர் ஆகியவற்றை முதலில் பாருங்கள், செலவு குறைந்த வேலை அதுதான். மைனரின் முதலாம் கியருக்குச் சிங்கிறோ (கியர் மாற்றும்போது வேகத்தைச் சமப்படுத்துகிற வளையம்) கிடையாது. ஓடும்போது அதைப் போட்டுக் கரகரத்தால் பழுதென்று எண்ணாதீர்கள்.

ஒயிலையும் பாருங்கள். கழற்றுமுன் மேலே ஊற்றுகிற மூடி திறபடுகிறதா என்று உறுதிசெய்துவிட்டுத்தான் அடி மூடியைக் கழற்ற வேண்டும். ஊற்ற முடியாமல் வெறும் பெட்டியோடு கார் நிற்கக் கூடாது. மைனரில் மேல் மூடி காருக்குள்ளே, விரிப்பின் அடியில், றப்பர் அடைப்புக்குக் கீழே இருக்கும். வடிந்த ஒயிலில் ஒரு துளியை விரல்களுக்கிடையில் தேய்த்து வெயிலில் பிடியுங்கள். மையைப்போல நைசான சாம்பல் நிறம் வழமையான தேய்வு. பொன்னிறத் துகள் மினுங்கினால் சிங்கிறோ வளையம் அல்லது வெண்கலப் புஷ் கரைகிறது. நகத்தில் இடறுகிற இரும்புச் செதில் இருந்தால் பல்லோ பெயாரிங்கோ உடைந்திருக்கிறது, அப்போது இறக்கத்தான் வேண்டும். பால்தேத்தண்ணி நிறம் என்றால் மார்கழி வெள்ளம் உள்ளே போயிருக்கிறது.

புதிதாக ஊற்றும்போது கவனம். மைனருக்குக் கியர்பொக்ஸில் எஞ்சின் ஒயில்தான், 20டபிள்யூ-50, ஏறத்தாழ 1.3 லீற்றர். பின் அக்சிலுக்கு மட்டும் 90 ஹைபொய்ட் கியர் ஒயில். கடையில் "கியர் ஒயில்" என்று கேட்டால் ஜி.எல்-5 தரத்து ஒயில் தருவார்கள். கியர் ஒயில் ஊற்றுகிற, சிங்கிறோ உள்ள மற்றப் பழைய கியர்பொக்ஸுகளுக்கு ஜி.எல்-4 கேட்டு வாங்குங்கள். ஜி.எல்-5இல் உள்ள சேர்மானங்கள் பித்தளையை அரிக்கலாம்.

இறக்கத்தான் வேண்டும் என்று முடிவானால், ஒரே கூலியில் எல்லாவற்றையும் முடியுங்கள். பிளேற், பிரஷர் பிளேற், றிலீஸ் பெயாரிங் மூன்றும் ஒரு செற். அதோடு பைலற் புஷ், சீல் உள்ள எஞ்சினில் கிராங்கின் பின் சீல். எஞ்சினோடு சுற்றுகிற பிளைவீலில் நீலக் கறையோ வெடிப்புக் கோடோ இருந்தால் லேத்துக்கு அனுப்புங்கள். மைனருக்கு வாங்குமுன் எஞ்சின் எது என்று பாருங்கள்: 948 சீசீக்கு ஆறேகால் அங்குலப் பிளேற், 1098 சீசீக்கு ஏழேகால். இங்கிலாந்திலிருந்து பெட்டிக்குள் வைத்துக்கொண்டு போய், அங்கே பொருந்தாமல் நிற்பது இதனால்தான்.

யாழ்ப்பாணத்துக் கடைகளில் இல்லாத சாமான் கொழும்பு பஞ்சிகாவத்தையிலிருந்து இரவு பஸ்ஸில் வந்துசேரும். நல்லூர்த் திருவிழா 25 நாளும் வெளிநாட்டுக்காரர் நிறைந்திருப்பார்கள், போயா (பௌர்ணமி விடுமுறை) நாளில் பல இடம் பூட்டு. ஆகவே சோதனையை வந்த முதல் இரண்டு நாளிலேயே முடித்துவிடுங்கள். "கழட்டின சாமானை எனக்குத் தாங்கோ தம்பி" என்று வேலை தொடங்கமுன்பே சொல்லுங்கள். கையில் வாங்கிச் சுழற்றிப் பார்த்தால், கேட்ட சத்தம் அதுதானா என்று அந்த இடத்திலேயே தெரியும்.

திரும்பிப் போனபின் கார் மாதக்கணக்கில் நிற்கும் என்றால், மழைக்காலத்தில் பிளேற் பிளைவீலோடு துருப்பிடித்து ஒட்டிக்கொள்ளும். கிளச்சை அழுத்தி, பெடலுக்கும் சீற்றுக்கும் நடுவில் ஒரு தடியை முண்டு கொடுத்துவிட்டு, "தடியை எடுத்துவிட்டு ஸ்ராட் பண்ணவும்" என்று கடதாசியில் எழுதி ஸ்ரியறிங்கில் கட்டிவிடுங்கள்.