பிற்பகலில் ஸ்பானிஷ் பேசாத கருத்தரிப்பு மையம்

ஹூஸ்டனில் ஒரு மருத்துவமனையோடு இணைந்த கருத்தரிப்பு மையத்துக்கு, என் பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கடந்த ஏழு வாரங்களாகக் காரில் அழைத்துச் சென்று வருகிறேன். அவர் மெக்சிகோவின் பூவெப்லா பகுதியைச் சேர்ந்தவர். கணவர் விடியுமுன்னே கட்டட வேலைக்குக் கிளம்பிவிடுவார். அந்தப் பெண்ணின் ஆங்கிலம் கடைத்தெருவுக்குப் போதுமே தவிர, சினைப்பையைப் பற்றிப் பேசப் போதாது. எனக்கோ உணவகச் சமையலறையில் பத்தாண்டுகள் கேட்டுப் பழகிய ஸ்பானிஷ் மட்டுமே தெரியும். அவருடைய சம்மதத்துடன் எழுதும் இந்த மதிப்புரை, அங்கே நடக்கும் சிகிச்சையைப் பற்றியது அன்று. மொழிபெயர்ப்புச் சேவையைப் பற்றியது மட்டுமே.

முதல் நாள் மொழிபெயர்ப்பாளர் யாரும் இல்லை. வரவேற்பு மேசையில் இருந்த, ஸ்பானிஷ் ஓரளவு தெரிந்த ஓர் ஊழியரை உள்ளே அழைத்தார்கள். முன்பு கருவுற்றதுண்டா என்று மருத்துவர் கேட்டதற்கு, ஒருமுறை 'அபோர்த்தோ' ஆனது என்றார் இவர். கரு தானாகக் கலைந்தாலும் நாமாகக் கலைத்தாலும் ஸ்பானிஷில் பேச்சு வழக்கில் அந்த ஒரே சொல்தான். ஊழியரோ அதைக் கருக்கலைப்பு என்றே ஆங்கிலத்தில் சொல்ல, அப்படியே கணினியில் பதிவாயிற்று. 'கலைந்தது', 'கலைத்தது' என்று ஓரெழுத்தில் வேறுபாடு காட்டும் தமிழ் பேசுபவளுக்கு அந்த இடம் சுருக்கென்று தைத்தது. தொடர் கருச்சிதைவா என்று ஆராய வேண்டிய மருத்துவருக்கு அந்தப் பதிவு தவறான வழியைக் காட்டும். 2022 முதல் கருக்கலைப்பு ஏறத்தாழ முற்றிலும் தடைசெய்யப்பட்டுள்ள டெக்சாஸில், தன் பெயருக்கு எதிரே அந்தச் சொல்லைப் பார்க்கும் பெண்ணுக்கு அது தரும் அச்சம் தனி.

அடுத்த முறை, சக்கரம் பூட்டிய கம்பத்தில் ஒரு டேப்லெட்டை உருட்டி வந்தார்கள். திரையில் தோன்றிய பயிற்சி பெற்ற மொழிபெயர்ப்பாளர், அதே சொல் வந்ததும் நிறுத்தி, "தானாக நேர்ந்ததா?" என்று கேட்டுத் தெளிவுபடுத்திக்கொண்ட பிறகே ஆங்கிலத்தில் சொன்னார். ஒரு நிமிடத்தில் பதிவு திருத்தப்பட்டது. இணைப்பு இருமுறை அறுந்ததையும், ஸ்கேன் நடக்கும்போது கம்பத்தை எந்தப் பக்கம் திருப்புவது என்று செவிலியர் தடுமாறியதையும் பெரிய குறையாகச் சொல்ல மாட்டேன். மருத்துவரின் அறைக்குள் இச்சேவை உண்மையிலேயே நன்று.

அறைக்கு வெளியே வந்தால் நிலைமை வேறு. மிச்சமாகும் கருக்களை உறையவைப்பதா, மணமுறிவோ மரணமோ நேர்ந்தால் அவை யாருக்கு உரியவை என்றெல்லாம் கேட்கும் ஒப்புதல் படிவம் முழுவதும் ஆங்கிலத்திலேயே இருந்தது. லாஸ் ஏஞ்சலிஸில் பிரசவ வலியின்போது ஆங்கிலப் படிவத்தில் கையொப்பம் வாங்கிக் கருத்தடை செய்யப்பட்டதாக மெக்சிக வம்சாவளிப் பெண்கள் பத்துப் பேர் தொடுத்த மாட்ரிகல் வழக்கில், 1978இல் நீதிபதி மருத்துவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார்; ஆயினும் ஸ்பானிஷ் படிவங்கள் வருவதற்கு அந்த வழக்கு வழிவகுத்தது. இத்தனைக்குப் பிறகும் எங்களிடம் நீட்டப்பட்டது ஆங்கிலத் தாள்கள்தான். கணவரையோ என்னையோ படித்துச் சொல்லச் சொன்னார்கள். மத்திய அரசின் நிதி பெறும் மருத்துவமனைகள், நோயாளியையே மொழிபெயர்ப்பாளரை அழைத்து வரச் சொல்லக் கூடாது என்பது 'ஒபாமாகேர்' எனப்படும் 2010ஆம் ஆண்டு மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தின் 1557ஆவது பிரிவை ஒட்டி வந்த விதி. அதைச் சுட்டிக்காட்டிய பின்னரே டேப்லெட் மீண்டும் வந்தது.

என் பெரிய மனக்குறை பிற்பகல் தொலைபேசி அழைப்புதான். முட்டையை வெளியே எடுத்துக் கருவாக்கும் ஐவிஎஃப் சிகிச்சையில் காலையில் இரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் முடிந்துவிடும். அன்றிரவு எந்த ஊசி, எவ்வளவு அளவு என்ற முடிவு பிற்பகலில்தான் வரும். அதாவது சிகிச்சையின் பெரும்பகுதி நோயாளியின் சமையலறை மேசையில், அவர் கையாலேயே நடக்கிறது. அந்த அழைப்புகள் எல்லாமே ஆங்கிலத்தில் வந்தன, எடுக்காவிட்டால் குரல்பதிவு. கருமுட்டையை முதிரவைக்கும் கடைசி ஊசியை, முட்டை எடுப்பதற்குச் சுமார் 36 மணி நேரத்துக்கு முன் போட வேண்டும். வியாழன் இரவு 10.30க்கு ஊசி, சனி காலை 10.30க்கு முட்டை எடுப்பு என்ற செய்தி அவருடைய கைபேசியில் நான்கு மணியிலிருந்தே கிடந்திருக்கிறது. இரவு ஒன்பதரைக்கு வாசலில் வந்து கைபேசியை நீட்டினார். மருந்துடன் சேர்த்து 15,000 டாலரைத் தாண்டும் ஒரு சிகிச்சைச் சுற்று, அந்த ஒரு மணி நேர இடைவெளியில் வீணாகாமல் தப்பியது.

மருத்துவர் அறைக்குள் கிடைக்கும் சேவைக்கு ஐந்தில் நான்கு, படிவங்களுக்கு ஒன்று, பிற்பகல் அழைப்புக்குச் சுழியம். புகார் எழுதிக் கொடுத்திருக்கிறோம். பதில் வரும்வரை என்று சொல்லி, மையத்தின் பதிவேட்டில் தொடர்பு எண்ணாக என் எண்ணை எழுதிவைத்திருக்கிறார் அவர்.