கிராபீன் அலையைப் பார்க்க ஊசியா, எலக்ட்ரானா?

கார்பனின் ஒற்றை அணு அடுக்கான கிராபீன், தன்மேல் விழும் கண்ணுறு ஒளியில் 2.3 விழுக்காட்டைத்தான் விழுங்குகிறது. அகச்சிவப்பில் கதையே வேறு. எலக்ட்ரான்கள் கூட்டமாக அலைபாய்ந்து பிளாஸ்மான் பிறக்கிறது. 10 மைக்ரோமீட்டர் அலைநீள ஒளி, சுமார் 200 நானோமீட்டர் அலையாகச் சுருங்கிவிடுகிறது. எந்த லென்ஸாலும் இதைப் பிரித்துக் காட்ட முடியாது.

இந்த அலையை அறிய எளிய வழி, கிராபீனை மெல்லிய பட்டைகளாகச் செதுக்கி, மொத்தமாக எவ்வளவு ஒளியை உறிஞ்சுகிறது என்று அளப்பது. 2011இல் பெர்க்லியில், அகச்சிவப்பைவிட நீண்ட அலைகொண்ட டெராஹெர்ட்ஸ் ஒளியில் இப்படித்தான் செய்தார்கள். மின்னழுத்தத்தை மாற்றினால் உறிஞ்சல் உச்சி நகர்வது பளிச்சென்று தெரியும். ஆனால் கிடைப்பது எல்லாப் பட்டைகளின் சராசரி. எந்த விளிம்பு பிசிறடித்திருக்கிறது என்று கேட்டால் பதில் வராது.

ஊசி அதற்குப் பதில் சொல்கிறது. உலோகம் பூசிய, சுமார் 25 நானோமீட்டர் ஆரமுள்ள முனையில் அகச்சிவப்பு லேசரைப் பாய்ச்சினால் ஒளி அங்கே குவிந்து கிராபீனில் அலையைக் கிளப்புகிறது. அலை விளிம்பில் மோதித் திரும்புகிறது. ஊசியை நகர்த்த நகர்த்த விளிம்புக்கு இணையாக வரிவரியாகப் படம் விரிகிறது. 2012இல் ஸ்பெயின், கலிபோர்னியா குழுக்கள் தனித்தனியே இதைப் படம் பிடித்தன. அந்த வரிகளை இன்று பார்த்தாலும் மெய்சிலிர்க்கிறது. ஒன்றில் மட்டும் கவனம் தேவை. அலை போய்த் திரும்புவதால் இரு வரிகளுக்கு இடைவெளி அரை அலைநீளம். விளிம்பே அலையைக் கிளப்பியிருந்தால் அது முழு அலைநீளம். இதைக் குழப்பிக்கொண்டால் கணக்கு இரண்டு மடங்கு தவறும்.

நுணுக்கத்தில் எலக்ட்ரான் கற்றையை எதுவும் மிஞ்சாது. பாய்ந்து வெளிவரும் எலக்ட்ரான் எவ்வளவு ஆற்றலை இழந்தது என்று அளந்தே, கிராபீனில் கலந்திருந்த ஒற்றைச் சிலிக்கான் அணுவைச் சுற்றிப் பிளாஸ்மான் ஒடுங்குவதை 2012இல் கண்டார்கள். கார்பன் அணுக்கள் பெயர்ந்துவிடாதிருக்கப் பெரும்பாலும் 60 கிலோவோல்ட்டில்தான் இயக்குவார்கள். 4.7 எலக்ட்ரான்வோல்ட் (ஆற்றல் அலகு) பக்கமுள்ள பிளாஸ்மானுக்கு இதுவே கைகண்ட கருவி. நாம் தேடும் அகச்சிவப்பு அலையோ 0.1 எலக்ட்ரான்வோல்ட் அளவுதான். ஆற்றல் இழக்காமல் கடந்துவரும் எலக்ட்ரான்களின் பெரிய உச்சிக்கு அருகில் அது எளிதில் அமுங்கிப்போகும். இந்தக் கருவியின் வெற்றிடத்தில் தொங்கும் கிராபீன் படலத்துக்கு மின்னழுத்தம் கொடுத்து மாற்றிப் பார்ப்பதும் பெரும்பாடு.

ஆகவே அகச்சிவப்புக்கு என் தேர்வு ஊசிதான். மின்கடத்தாப் பொருளான போரான் நைட்ரைடின் படலங்களுக்கு இடையே பொதிந்த கிராபீனைத் திரவ நைட்ரஜன் அளவுக்குக் குளிர்வித்தபோது, அலை 10 மைக்ரோமீட்டருக்கு மேல் ஓடுவதை 2018இல் காட்டியதும் அதுவே.